அரை நைட்டும் முழு நைட்டும்



செம்மநத்தத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கே ஊர் அடங்கிவிடும். பனி இறங்கினால் எதிர்வீட்டு விளக்குகூடத் தெரியாது. சில்வர் ஓக் மரத்தில் காற்று அடிக்கும் சத்தம், எங்காவது ஒரு நாய், அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஊரில், வேலையை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆன பிறகும், எனக்கு ராத்திரி பதினொன்றேகாலுக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பதினொன்றரைக்கு முதல் சங்கு, பதினொன்றே முக்காலுக்கு இரண்டாம் சங்கு, பன்னிரண்டுக்கு முழு நைட் ஷிப்ட். மலைக்கு மேலே எந்தச் சங்கும் கேட்காது. உடம்புக்கு மட்டும் கேட்கிறது. "உங்க மில்லு இன்னும் உங்கள விடலையா?" என்று வீட்டுக்காரி கேட்பாள். தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். மகளுக்குக் கீழே சமவெளியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. மூன்று ஷிப்ட். வாரம் ஒருமுறை மாறும்.

"அண்ணா, ராத்திரி வேலையும் உண்டாமுங்க. புள்ளய அனுப்பலாமுங்களா?"

காகிதத்தை வாங்கிப் படித்தேன். எட்டு மணி நேர வேலை, அரை மணி இடைவேளை, வாரம் ஒரு நாள் விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், கேன்டீன், ஈ.எஸ்.ஐ., பி.எஃப். அந்தப் பெண் இதையெல்லாம் கம்பெனி மனசு வைத்துக் கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். "அப்படி இல்ல கண்ணு. இதுல ஒவ்வொரு வரிக்கும் பின்னால ஒரு கதை இருக்கு" என்றேன். அன்றைக்கு அவளிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

எங்கள் அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். அவர் காபித் தோட்டத் தொழிலாளி. ஏற்காட்டுக்குக் காபி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காலத்தில் என்பது நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தோட்டத்தில் குளிர் உண்டு, அட்டை உண்டு, மழையில் நனைந்தபடி பழம் பறிப்பதும் உண்டு. ஆனால் ராத்திரி வேலை கிடையாது. "சூரியன் எறங்கினா கூடைய எறக்கிரலாம்" என்பார் அப்பா. 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகு வீடு, மருந்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகை என்று சிலது வந்து சேர்ந்தது. அவர் காலத்து நேரத்தைச் சூரியன் வைத்திருந்தது. என் காலத்து நேரத்தைச் சங்கு வைத்திருந்தது. வித்தியாசம் இதுதான்.

மின்விளக்கு வந்த பிறகுதான் ராத்திரியும் வேலை நேரமாக மாறியது. அதற்கு முந்தைய ஆலைகளில் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை வேலை. 1881இல் வந்த நம் நாட்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டது. 1891இல் பெண்களுக்குப் பதினொரு மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். வயது வந்த ஆண் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்று சட்டம் வாய் திறந்தது 1911இல்தான். அதுவும் பஞ்சாலைகளில் மட்டும், பன்னிரண்டு மணி நேரம்.

சட்டம் இப்படி ஆமை வேகத்தில் நகர்ந்தபோது ஆலைக்கு வெளியே மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் நடந்தது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கேட்டது என்ன தெரியுமா? கூலி உயர்வும் வார விடுமுறையும். மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கிவந்தது. சில நாட்களில் வ.உ.சி. கைதானார். கப்பல் ஓட்டியதை மட்டும் பாடப்புத்தகத்தில் படித்த நமக்கு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையிலும் அவருக்குப் பங்கு இருக்கிறது என்பது அவ்வளவாக நினைவில் இல்லை.

அடுத்தது பெரம்பூர். சென்னையில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற இரண்டு ஆலைகள். பி அண்ட் சி மில் என்றால் பெரியவர்களுக்கு உடனே புரியும். அங்கே தொழிலாளிகளுக்கு இருந்த பெரிய குறைகளில் ஒன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம். அரை மணி நேரம்தான். அதற்குள் கைகால் கழுவி, வெளியே வந்து, வீட்டிலிருந்து வந்த சோற்றைத் தேடிப் பிடித்துச் சாப்பிட்டு, திரும்ப உள்ளே ஓட வேண்டும். செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இருவர் இந்தத் தொழிலாளிகளின் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டார்கள். பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது. திரு.வி.க.வும் அதில் முக்கியப் பங்கு எடுத்துக்கொண்டார். இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். நம் நாட்டுத் தொழிற்சங்க வரலாறு தொடங்கிய இடத்தில் ஒரு சோற்றுத் தூக்கு இருக்கிறது என்பதை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

எல்லாம் வெற்றி என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. கம்பெனி நீதிமன்றத்துக்குப் போனது. சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்யச் சொன்னதற்காக வாடியா உள்ளிட்டவர்கள் மேல் பெருந்தொகை நஷ்ட ஈடு விழுந்தது. அப்போது சங்கத்தைக் காப்பாற்ற நாட்டில் சட்டமே இல்லை. அந்த அடியின் விளைவாக எழுந்த குரல்தான் 1926இல் தொழிற்சங்கச் சட்டமாக வந்தது. அதற்கு முன் 1921 வேலைநிறுத்தத்தில் சாதி இந்துத் தொழிலாளிகளும் ஆதிதிராவிடத் தொழிலாளிகளும் இரண்டாகப் பிரிந்து, புளியந்தோப்பில் கலவரமாகி, துப்பாக்கிச் சூடுவரை போய், வேலைநிறுத்தமே தோற்றது. ஒரே தறிக்கூடத்தில் வேலை செய்தவர்கள் தெருவுக்கு வந்ததும் வேறு வேறு ஆளாகிப் போனார்கள். அந்தப் பாடம் பழசாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு எட்டு மணி நேர வேலை என்று தீர்மானித்தது. ஆனால் இந்தியாவுக்கு மட்டும் வாரம் 60 மணி நேரம் என்று தனிச் சலுகை. சலுகை யாருக்கு என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள். 1922இல் அந்த 60 மணி சட்டமானது. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவிலேயே அதுதான் முதல் முறை. 1934இல் வாரம் 54 மணி. 1946இல் 48 மணி. பிறகு சுதந்திர இந்தியாவின் 1948 தொழிற்சாலைச் சட்டம். நாளைக்கு ஒன்பது மணிக்கு மேல் போகக்கூடாது, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக்கூடாது, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன், 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறை, 500 பேர் இருந்தால் நலன் கவனிக்க ஓர் அதிகாரி. நின்றே வேலை செய்பவன் கிடைத்த நேரத்தில் உட்கார ஓர் இடம் இருக்க வேண்டும் என்றுகூட அதில் எழுதியிருந்தது. அதே வருஷம் ஈ.எஸ்.ஐ. சட்டம். திட்டம் 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கி, 1955இல் நம் கோயமுத்தூருக்கு வந்தது.

அறுபத்தேழு வருஷத்தில், 1881இலிருந்து 1948க்கு, இவ்வளவு தூரம். இதைத்தான் அந்தப் பெண்ணின் காகிதத்தில் ஆறு வரியாக அச்சடித்திருந்தார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். 1974இல் சேலத்தில் ஒரு பஞ்சாலையில் பதிலியாகச் சேர்ந்தேன். மில்லின் பெயர் வேண்டாம். காலை எட்டிலிருந்து நாலு வரை பகல் ஷிப்ட், நாலிலிருந்து பன்னிரண்டு அரை நைட், பன்னிரண்டிலிருந்து எட்டு முழு நைட். பதிலி என்றால் கேட்டில் நிற்க வேண்டும். யாராவது வராவிட்டால் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் தூக்குப்போணியை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். திறக்காத சோற்றை மனைவியிடம் திருப்பிக் கொடுக்கும் கஷ்டம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

முழு நைட் முடித்துவிட்டு வந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சேலம் வெயிலில் தூங்கிப் பார்த்திருக்கிறீர்களா? கண் மூடும், தூக்கம் வராது. பிள்ளைகளை "அப்பா தூங்குறாரு, சத்தம் போடாதீங்க" என்று அடக்கி அடக்கியே வளர்த்தாள் என் மனைவி. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போனது மொத்தம் நாலைந்து வருஷம் இருக்கும். இப்போது விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, உடம்பின் இரவு பகல் கணக்கைக் குலைக்கும் ஷிப்ட் வேலை புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புண்டு என்று 2007இல் வகைப்படுத்தியது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வயிற்றெரிச்சலும் முன்கோபமும்தான்.

ஆனால் சந்தோஷமே இல்லையா என்றால், இருந்தது. ராத்திரி இரண்டரை மணிக்குக் கேன்டீனில் கிடைக்கும் சூடான டீ. தீபாவளிக்கு முன் போனஸ் பேச்சுவார்த்தை. 8.33 என்ற எண்ணைச் சொல்லிப்பாருங்கள், பழைய மில்காரர்கள் சிரிப்பார்கள். எட்டு வருஷம் ஒரே செட்டில் வேலை செய்த ஆறு பேர் இருந்தோம். ஒருவனுக்கு உடம்பு முடியாவிட்டால் மற்ற ஐந்து பேரும் அவன் பக்கத்தையும் பார்த்துக்கொள்வோம்.

இதைப் பற்றி வெளிநாட்டில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சிகாகோ அருகே ஹாதோர்ன் என்ற ஆலையில் 1924இலிருந்து 1932 வரை விளக்கைக் கூட்டிப் பார்த்தார்கள், குறைத்துப் பார்த்தார்கள், ஓய்வு நேரத்தை மாற்றிப் பார்த்தார்கள். எதை மாற்றினாலும் உற்பத்தி கூடியதாம். தங்களை யாரோ ஒருவர் கவனிக்கிறார், கேட்கிறார் என்பதே காரணம் என்று எல்டன் மேயோ போன்றவர்கள் சொன்னார்கள். அந்த முடிவு சரியா என்று பின்னால் வந்தவர்கள் கேள்வி எழுப்பியதும் உண்டு. நம் நாட்டில் அகமதாபாத் காலிகோ மில்லில் 1953இல் ரைஸ் என்ற ஆங்கிலேயர், தறிக்கு ஒரு ஆள் வேலைக்கு ஒரு ஆள் என்று சிதறிக் கிடந்தவர்களைச் சிறு சிறு குழுவாக்கி, ஒரு தொகுதித் தறிகளைக் குழுவின் பொறுப்பில் விட்டார். உற்பத்தியும் கூடியது, துணியில் பழுதும் குறைந்தது. எங்கள் ஆறு பேர் செட்டுக்கு யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை. செய்திருந்தால் இதைத்தான் எழுதியிருப்பார்கள்.

இந்த இடத்தில், இதுவரை வீட்டிலும் முழுசாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1983இல் எனக்கு டைம் ஆபீஸில் வேலை மாற்றிக் கொடுத்தார்கள். பத்தாவது பாஸ், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். 1986 மார்கழியில் ஒரு நாள் அரை நைட் முடியும் நேரம். கார்டிங்கில் ஆள் குறைவு. அரை நைட் பார்த்த ஒரு பதிலிப் பையன், முழு நைட்டும் பார்க்கிறேன் என்று தானே வந்து நின்றான். தங்கச்சி கல்யாணம் வைத்திருந்தான். பதினாறு மணி நேரம் சட்டத்துக்கு ஆகாது. அதற்கு அப்போது ஒரு வழி இருந்தது. முழு நைட்டுக்கு வேறொரு பதிலியின் பெயரில் மஸ்டரில் எழுதிவிடுவது. மேலே இருந்தவர் சொன்னார், நான் எழுதினேன். அது முதல் தடவையும் இல்லை.

விடியற்காலை நாலரை மணிக்கு அவன் வலது கை மெஷினில் போனது. இரண்டு விரல் இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். பிறகுதான் பிரச்சினை. ஈ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை போக வேண்டும். மஸ்டர்படி அந்த நேரத்தில் அவன் மில்லிலேயே இல்லை. என் அழகான கையெழுத்தில் அங்கே வேறு பெயர் இருந்தது. வேலையில் இல்லாதவனுக்கு வேலையில் அடிபட்டது என்று எப்படி எழுதுவது? கையில் கொஞ்சம் பணம் கொடுத்து முடித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. நான் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், வேலை போய்விடும் என்ற பயம். காரணம் நியாயமானதுதான். ஆனாலும் மூன்று வாரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். திட்டவில்லை. காபியைக் குடித்துவிட்டு, "மஸ்டர்ல என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும் தம்பி. அவன் எங்க இருந்தான்னு உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். மறுநாள் நான் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவனுக்கு நிரந்தர ஊனப் பலன் மாதாமாதம் வர ஏற்பாடானது. எனக்கு மெமோ வந்தது. டைம் ஆபீஸிலிருந்து திரும்ப ஷிப்டுக்கு அனுப்பினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த மூன்று வாரம்தான் இன்றைக்கும் உறுத்துகிறது. அவன் கடைசிவரை என்னைக் குறை சொன்னதில்லை. "நான்தானே அண்ணா கேட்டேன்" என்பான்.

வேலை நேரச் சட்டத்தின் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. முதலாளியிடமிருந்து மட்டுமல்ல, தன் சொந்தக் கஷ்டத்திடமிருந்தும் தொழிலாளியைக் காப்பாற்றத்தான் அந்த வரம்பு. பணமுடை உள்ளவன் பதினாறு மணி நேரமும் விருப்பத்தோடுதான் வேலை செய்வான். 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் என்று விளக்கம் சொன்னார்கள். எனக்கு அந்தப் பையனின் கைதான் ஞாபகம் வந்தது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுகிறது என்று முதல்வர் அறிவித்தார். அதற்கு நூறு வருஷத்துக்கு முன் சிங்காரவேலர் கொடியேற்றிய அதே நாள்.

பெண்கள் ராத்திரி வேலைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1948 சட்டம் ராத்திரி ஏழிலிருந்து காலை ஆறு வரை தொழிற்சாலையில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்திருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை சமத்துவத்துக்கு விரோதமானது என்று நீக்கியது. கூடவே வாகன வசதி, பாதுகாப்பு, ஓய்வறை என்று நிபந்தனைகளும் வைத்தது. வேலைக்குப் போகும் உரிமையும் வேண்டும், பத்திரமாகத் திரும்பும் உரிமையும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பறிக்கக்கூடாது.

அதனால் பக்கத்து வீட்டு அம்மாவிடம், "தாராளமா அனுப்புங்க, ஆனா கேட்டுட்டு அனுப்புங்க" என்றேன். வேன் வாசல்வரை வருமா? முழு நைட்டில் ஓய்வறை திறந்திருக்குமா, பூட்டியிருக்குமா? ஈ.எஸ்.ஐ. எண் எப்போது கிடைக்கும்? கூடுதல் நேரம் பார்த்தால் சம்பளச் சீட்டில் தனியாகக் காட்டுவார்களா? அந்தப் பெண் எல்லாவற்றையும் செல்போனில் குறித்துக்கொண்டாள்.

போகும் அன்று காலை முதல் பஸ்ஸுக்கு நானும் கூட நின்றேன். நல்ல பனி. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலம், அங்கிருந்து வேறு பஸ். என் கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. கொடுத்தேன்.

"எதுக்கு மாமா?"

"தெனமும் எத்தன மணிக்கு உள்ள போன, எத்தன மணிக்கு வெளிய வந்தன்னு உன் கையால எழுதி வை. எழுதறதுக்கு அங்க ஆள் இருப்பாங்க. இருந்தாலும் நீயும் எழுது."

சிரித்துக்கொண்டே பையில் வைத்தாள். பஸ் வளைவில் திரும்பிப் பனிக்குள் மறைந்தது. எழுதுகிறாளா என்று பொங்கலுக்கு வரும்போதுதான் கேட்க வேண்டும்.